பாலைவனத்து இடைக்கச்சை

சீதாவாக்கை கங்கை இறங்கி ஓடும் தெரணியகலைப் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு பாலைவனத்தை நினைப்பது எளிதன்று. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் இறப்பரும் தேயிலையும். ஆண்டின் பெரும்பகுதி மழை. மழை விட்டாலும் மரம் விடாத ஈரம். ஆயினும் இந்தப் பசுமைக்கும் வட ஆபிரிக்க மணல்வெளிக்கும் ஒருகாலத்தில் உறவு இருந்தது. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்ததோடு மலாயாவின் இறப்பர் முழுவதும் யப்பானியர் வசமாயிற்று. நேச நாடுகள் இலங்கையின் இறப்பரையே பெரிதும் நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது. நாளைய மகசூலைக் கருதாமல், மரம் வற்றும்வரை பால் வெட்டும் முறை அக்காலத்தில் தோட்டங்களில் புகுந்தது. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் விடியுமுன் வாளியும் கத்தியுமாக மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு, சக்கரமாகவும் குழாயாகவும் உருமாறிப் போர்முனைகளை நோக்கிச் சென்றது. அப்போர்முனைகளுள் சக்கரத்தையே உயிராக நம்பி நடந்தது பாலைவனப் போர்.

அந்தப் போர் விட்டுச்சென்ற பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். தபால்தலையும் பழநாணயமும் சேர்ப்பவரை நாம் அறிவோம். இவர்கள் சேர்ப்பது சிப்பாயின் இடையை விட்டு அவிழ்ந்த கச்சையையும், பேச்சு வழக்கில் ‘பக்கிள்’ எனப்படும் அதன் வார்ப்பூட்டையும். அவற்றுள்ளும் மிகுந்த விருப்பத்தோடு தேடப்படுவது, ரொம்மலின் தலைமையில் 1941 பெப்ரவரியில் திரிப்பொலியில் வந்திறங்கிய ஜேர்மானியப் படையினர் அணிந்த கச்சை. அப்பாலைவனத்தில் அச்சு நாடுகளின் பக்கம் நின்றோருள் இத்தாலியரே எண்ணிக்கையில் மிகுந்தவர். ஆனால், அவர்களுடைய தோற்கச்சையை அவ்வளவு ஆவலோடு கேட்பார் இல்லை. சந்தைக்கு வரலாறு தெரியாது. புகழ் மட்டுமே தெரியும்.

பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஐரோப்பியப் போர்க்களங்களில் ஜேர்மானியச் சிப்பாய் அணிந்தது கருந்தோற் கச்சை. அகலம் சுமார் 4½ சென்ரிமீற்றர். ரவைப்பை, துப்பாக்கிமுனை ஈட்டி, உணவுப்பை, நீர்க்குடுவை ஆகிய அனைத்தும் அதிலேயே தொங்கும். ஆகவே அது ஆடையின் அழகுக்காகக் கட்டிய வாரன்று. சிப்பாயின் வீடே அதில் தொங்கிற்று எனலாம். பாலைவனத்தின் வெப்பத்தில் தோல் உலர்ந்து வெடித்துப் பயனற்றுப் போகும். ஆதலால் வெப்பநாட்டுப் படைக்கென்று தடித்த பருத்தி நாடாவால் கச்சை நெய்தனர். பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம் அதற்கு. தோலில் செய்த கச்சையை விடத் துணியில் செய்தது விலை குறைந்தது. போர்க்காலத்தில் அது எளியவனின் பொருள். இன்று அதுவே அருமை மிக்கதாகி விட்டது. காரணம் எளிது: துணி உழைத்து மக்கிப் போகிறது, எஞ்சியது சிறிது.

பூட்டின் கதை கச்சையின் கதையை விட நீளமானது. ஒரு சிறு நீள்சதுரத் தகடு. அதன் நடுவே வட்டம். வட்டத்துள் இறகு விரித்த கழுகு. கழுகின் கால்களில் நாஜிகளின் சுவஸ்திகை. மேலே வளைவாக ‘கொட் மிற் உன்ஸ்’ என்ற மூன்று சொற்கள். ‘இறைவன் நம்மோடு இருக்கிறான்’ என்பது பொருள். இச்சொற்கள் ஹிட்லரின் கண்டுபிடிப்பல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரஷ்யச் சிப்பாயின் பூட்டில் அவை பொறிக்கப்பட்டிருந்தன. அன்று நடுவில் இருந்தது அரச முடி. முதல் உலகப் போரில் பிரஷ்யர் அந்த முடியோடும், பவேரியர் ‘விசுவாசத்தில் உறுதி’ என்ற தம் வாசகத்தோடும், சாக்சனியர் இறைவனின் அருள்நோக்கை நினைவூட்டும் இலத்தீன் தொடரோடும் களம் புகுந்தனர். முடியாட்சி போயிற்று, முடி இருந்த இடத்தில் குடியரசின் கழுகு வந்தமர்ந்தது, வாசகம் அப்படியே நின்றது. 1936இல் நாஜி அரசின் புதிய பூட்டு வந்தபோதும் வாசகம் அசையவில்லை. ஆட்சிகள் மூன்று மாறின. இறைவன் மட்டும் எல்லா ஆட்சியோடும் இருந்ததாகச் சிப்பாய்க்குச் சொல்லப்பட்டது. விமானப்படையின் பூட்டில் பறக்கும் கழுகு உண்டு, இறைவன் பெயர் இல்லை. எஸ்.எஸ். படையினரின் பூட்டிலோ விசுவாசமே தம் மானம் என்ற வாசகம். யாருக்கு விசுவாசம் என்பதை உலகம் பின்னர் வதைமுகாம்களில் கண்டது.

இந்நூற்றாண்டின் ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் இப்பூட்டைக் காட்ட நேர்ந்தால், மாணவன் முதலில் கேட்பது அந்தச் சுவஸ்திகையைப் பற்றியே இருக்கும். நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும் மங்கலமாக இருக்கும் குறி அங்கே எப்படிப் போயிற்று என்று அவன் வியப்பான். இன்றைய ஜேர்மனியில் அக்குறியைப் பொதுவெளியில் காட்டுவது சட்டப்படி குற்றம். கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சேர்ப்போருள் சிலர் அந்தப் பகுதியை மறைத்துவிட்டே பொருளைக் காட்சிக்கு வைக்கின்றனர். மறைப்பது நன்றா, காட்டி விளக்குவது நன்றா என்று வாதம் உண்டு. விளக்குவதற்கு ஆள் இருக்குமானால் காட்டுவதே நன்று என்பது என் துணிபு. ஆள் இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் அது வெறும் அலங்காரமாகி விடும். கொடுமையின் சின்னம் அலங்காரமாவதைப் போல ஆபத்து வேறில்லை.

பூட்டின் பின்புறம் முன்புறத்தினும் சுவை மிக்கது. செய்த தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் அங்கே இருக்கும். லூடன்ஷைட் என்ற ஜேர்மானிய நகரம் பொத்தானுக்கும் பூட்டுக்கும் பேர்பெற்றது. அங்கிருந்த அஸ்மான், ஓவர்ஹோஃப் முதலிய தொழிலகங்களின் முத்திரைகளைச் சேர்ப்போர் நம்மவர் ஏட்டெழுத்தைப் படிப்பது போலப் படிக்கின்றனர். தொடக்கத்தில் அலுமினியத்தில் செய்தனர். விமானத்துக்கு அலுமினியம் வேண்டியிருந்தமையால் பின்னர் உருக்குக்கு மாறினர். உருக்கின் மேல் வண்ணம் பூசினர். பாலைவனத்துக்கு அனுப்பிய பூட்டுக்கு ஒலிவப் பச்சை, பழுப்பு முதலிய மங்கல் வண்ணங்கள். பளபளக்கும் உலோகம் வெயிலில் மின்னிப் பகைவனுக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்குமன்றோ?

போலிகள் மலிந்த துறை இது. உண்மைப் பூட்டு அச்சில் அழுத்தி அடித்தது, ஆகவே கழுகின் இறகு கூர்மையாக நிற்கும். போலியோ அசலைப் பார்த்து வார்த்தது, ஆகவே விளிம்பு மழுங்கியிருக்கும். இடது கை எப்போதும் பற்றிய ஓரத்தில் வண்ணம் தேய்ந்து, வார் மறைத்த இடத்தில் வண்ணம் பிழைத்திருந்தால் அது அணிந்த பொருள். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாளால் ஒரு மாலைப்பொழுதில் ஏற்றிய முதுமை. இவ்வாறு பார்க்கத் தெரிந்தவர்கள் புதிதாகச் சேர்ப்பவனுக்கு முதலில் சொல்லும் புத்திமதி, பொருளை வாங்கு, கதையை வாங்காதே என்பது. விற்பவன் சொல்லும் கதையில் பாதி புளுகு என்பதால் எழுந்த எச்சரிக்கை அது. வணிகத்துக்கு அது நல்ல விதி. அறிவுக்கு அவ்விதி போதாது. கதை போன பூட்டு, லூடன்ஷைட்டில் செய்த இலட்சக்கணக்கான தகடுகளுள் ஒன்று, அவ்வளவே.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பகைவனின் காவல்மரத்தை வெட்டி முரசு செய்வதும், வென்ற மன்னரின் முடிப்பொன்னை அணியாக்கி மார்பில் அணிவதும் பழந்தமிழ் வேந்தரின் வழக்கம். ஆனால், இவற்றையெல்லாம் விடச் சிந்திக்கத் தக்கது ஒரு கற்சிலை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசாதிராசன் மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்து, அங்கிருந்த துவாரபாலகர் ஒருவரைச் சோணாட்டுக்குக் கொண்டுவந்தான். தாராசுரத்தில் இருந்த அச்சிலையின் பீடத்தில், எந்த ஊரை அழித்தபோது யார் கொண்டுவந்த துவாரபாலகர் இவர் என்பதைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொள்ளைதான், அதில் ஐயமில்லை. ஆயினும் கொள்ளையென்று மறைக்காமல் கல்லிலேயே எழுதி வைத்த கொள்ளை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னும் அச்சிலை எங்கே பிறந்தது, எப்படி வந்தது என்று நாம் அறிகிறோம். 1942இல் ஒருவன் மணலில் கண்டெடுத்த பூட்டு எங்கிருந்து வந்தது என்பதை அவன் பேரனே அறியான்.

பூட்டுகள் எப்படிக் கை மாறின? பெரும்பாலானவை சரணாகதியின்போது மாறின. 1943 மே மாதம் துனீசியாவில் அச்சு நாட்டுப் படை முழுவதும் ஆயுதத்தைக் கீழே வைத்தபோது, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் சிறைப்பட்டனர். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, சிறைப்பட்டவனின் சொந்தப் பொருள்கள் அவனிடமே இருக்க வேண்டும் என்றது. பதக்கங்களையும் பதவிக் குறிகளையும் பறிக்கலாகாது என்றது. ஆயுதங்களையும் இராணுவத் தளபாடங்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கச்சை எந்த வகை? ரவைப்பை தொங்கும்போது தளபாடம். காற்சட்டையைத் தாங்கும்போது சொந்தப் பொருள். இந்த ஐயத்தின் இடைவெளியில்தான் ஆயிரமாயிரம் பூட்டுகள் நழுவி வெற்றியாளரின் பைகளுக்குள் போயின. சில பண்டமாற்றாக, ஒரு சிகரெட்டுக்கு வந்திருக்கும். சில கேட்டுப் பெற்றவை. சில கேளாமல் பெற்றவை. இறந்தவனின் இடையிலிருந்து அவிழ்த்தவையும் உண்டு. இவற்றை ஒரே தட்டில் வைத்து விலை பேசுவது எனக்கு ஒவ்வாது.

அந்த மே மாதத்தில் ஜேர்மானியத் தளபதி வொன் ஆர்னிம் யாரிடம் சரணடைந்தார் என்பதை நம் மாணவர் பலர் படித்திருக்க மாட்டார். மே 12ஆம் திகதி அவர் சரண் புகுந்தது 4ஆம் இந்தியப் படைப்பிரிவின் தளபதி ரக்கரிடம். இப்பிரிவு 1940 டிசம்பரில் சிடி பரானியில் போரிட்டது. எரித்திரியாவின் கெரன் மலையில் போரிட்டது. 1942இல் அலமெய்னுக்கு அருகே றுவைசாத் மேட்டைக் காத்தது. பாலைவனப் போரின் தொடக்கத்திலும் முடிவிலும் நின்ற படை அது. அதில் பொறியியற் பணிக்கென்று அமைந்த பகுதிகளுள் இரண்டு சென்னைச் சப்பர் படையைச் சேர்ந்தவை: 12ஆம் களக் கம்பெனியும், 11ஆம் ஃபீல்ட் பார்க் கம்பெனியும்.

சென்னைச் சப்பர்களைப் பற்றி இங்கே சற்று நிற்க வேண்டும். 1780இல் தோன்றிப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இப்படையில் தமிழர் திரளாகச் சேர்ந்தனர். படை வட்டாரத்தில் அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’. பாதை போடுவது, பாலம் கட்டுவது, பகைவன் புதைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலை. சுடுபவனின் புகழ் தோண்டுபவனுக்கு வருவதில்லை. போர்க்களத்திலும் அப்படித்தான், தோட்டத்திலும் அப்படித்தான். சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்தே இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்தனர். தமிழ்நாட்டின் அத்தகைய வறண்ட கிராமங்களே சப்பர் படைக்கும் இளைஞரைத் தந்தன. ஒரு வீட்டு அண்ணன் கங்காணியின் துண்டோடு மன்னார் வழியே மலைநாடு வர, அடுத்த வீட்டுத் தம்பி பெங்களூருக்கு இரயிலேறிப் பின்னர் எகிப்துக்குக் கப்பலேறியிருக்கக் கூடும். அண்ணன் வெட்டிய பாலும் தம்பி தோண்டிய வெடியும் ஒரே போரின் கணக்கில் எழுதப்பட்டன.

11ஆம் ஃபீல்ட் பார்க் கம்பெனியைச் சேர்ந்தவர்தான் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர். பாலைவனப் போர் முடிந்து படை இத்தாலிக்குச் சென்ற பின், 1944 பெப்ரவரி 24ஆம் திகதி மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி தேடும் குழுவை நடத்திச் சென்றார். வெடி ஒன்று மிதிபட்டது. வெடிப்பதற்குச் சில விநாடிகளே இருந்தன. தம் உடலால் அதை மூடினார். உடன் இருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். ஜோர்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஜேர்மானியச் சிப்பாயின் பூட்டை நுண்ணாடி வைத்துப் பார்க்கும் சேர்ப்போருள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பர்?

மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருகாலால் நொண்டும். 1941 ஏப்ரலில் லிபியாவின் மெக்கிலியில் 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேட் ஜேர்மானியரால் சூழப்பட்டு, அதில் பலர் சிறைப்பட்டனர். வட ஆபிரிக்காவில் சிறைப்பட்ட இந்தியருள் சிலரைக் கொண்டே, பேர்லினில் இருந்த நேதாஜி சுபாஸ் சந்திர போஸ் சுதந்திர இந்தியப் படையணி ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ 3,000 பேர் அதில் சேர்ந்தனர். தோளில் பாயும் புலியின் சின்னம். உடை ஜேர்மானிய இராணுவத்தின் உடை. இடையில் ஜேர்மானியக் கச்சை. இறைவன் மேல் ஆணையாக ஹிட்லரின் பெயரையும் போஸின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி அவர்கள் உறுதி எடுத்தனர். நேற்றுவரை பிரித்தானியரின் கச்சையை அணிந்த பஞ்சாபிச் சிப்பாய் இன்று பகைவனின் கச்சையை இறுக்கிக் கட்டினான். அவன் துரோகியா, தேசபக்தனா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் முனையவில்லை. சேர்ப்பவனின் பெட்டியில் கிடக்கும் பூட்டு ஒன்று ஜேர்மானியனின் இடையிலிருந்து வந்ததா, நம்மவன் ஒருவனின் இடையிலிருந்து வந்ததா என்பதைப் பூட்டு சொல்லாது. அதனோடு வந்த காகிதம் ஒன்றுதான் சொல்ல முடியும்.

காகிதத்தை விட அரியது வேறொன்று உண்டு. ஒவ்வொரு ஜேர்மானியச் சிப்பாயின் கழுத்திலும் முட்டை வடிவான அடையாளத் தகடு ஒன்று இருந்தது. நடுவே துளைகள், அவன் இறந்தால் முறித்து ஒரு பாதியை உடலோடு விட்டு, மறுபாதியை அனுப்புவர். பாலைவன மணலைத் தோண்டிப் பூட்டுத் தேடுபவன், அதன் அருகில் கிடக்கும் இத்தகட்டையும் விலைக்கு எடுத்துப் போனால், அந்த எலும்புக்கு என்றென்றும் பெயர் இல்லை. அவன் எந்தக் கட்சியின் கீழ்ப் போரிட்டான் என்பது வேறு. அவன் தாய்க்கு அவன் காணாமற்போன மகன். யுத்தத்தில் காணாமற்போனவரைத் தேடும் தாய்மாரை இலங்கையில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோண்டுபவனுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அலமெய்னைச் சூழ்ந்த நிலத்தில் அன்று புதைத்த வெடிகள் இலட்சக்கணக்கில் எஞ்சின. போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னும் ஆடு மேய்க்கும் பதூவினரின் கால்களை அவை பறித்தன.

அலமெய்னில் 1959இல் திறக்கப்பட்ட ஜேர்மானிய நினைவிடம் ஒரு கோட்டை போன்ற எண்கோணக் கட்டடம். 4,200க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே உள்ளன. சற்றுத் தொலைவில் பொதுநலவாய நாட்டவரின் மயானம். 7,000க்கு மேற்பட்ட கல்லறைகள். அம்மயானத்திலேயே தகன நினைவுச்சின்னம் ஒன்றும் இருக்கிறது. எகிப்திலும் லிபியாவிலும் தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 600க்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. புதைத்தவனுக்கு மண்ணில் ஒரு இடம் எஞ்சுகிறது. எரித்தவனுக்குப் பெயர் மட்டுமே.

இனி, இத்தகைய பொருள் ஒன்று நம் பக்கத்தில் கிடைத்தால் என்ன செய்வது? கிடைக்காது என்று சொல்ல முடியாது. இலங்கைத் தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை 1949இல் கலைக்கப்படும்வரை இருந்தது. முதல் உலகப் போரில் அதன் பகுதியொன்று 1914 ஒக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறிச் சுயஸ் கால்வாயைக் காத்தது. இரண்டாம் போரிலும் துரைமார் பலர் பல போர்முனைகளுக்குப் போய்த் திரும்பினர். பங்களாவின் சாமான்கள் கைமாறிக் கைமாறிப் பழைய இரும்புக் கடைக்குப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் குவியலில் ஒரு கழுகுப் பூட்டு இருந்தால் வியப்பில்லை.

அதைக் கண்டவர் முதலில் செய்வது புளி போட்டுத் துலக்குவது. செய்யவே கூடாதது அதுதான். எஞ்சிய வண்ணத்தின் நிறமே அது பாலைவனத்துக்கு அனுப்பியதா, இரஷ்யப் பனிக்கு அனுப்பியதா என்பதற்குச் சான்று. துலக்கினால் சான்று கழுவிப் போகும். இரண்டாவது, உலோகத்தையும் துணியையும் ஒன்றாக மடித்து வைக்கக் கூடாது. பாலைவனத்தின் வறட்சியில் எண்பது ஆண்டு பிழைத்த பருத்தி நாடா, தெரணியகலை மழையில் இரண்டு பருவத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்; உருக்கின் துரு அந்நாடாவில் ஏறித் தின்றுவிடும். துணியைச் சுருட்டி, நிறமற்ற தாளில் பொதிந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைப்பது நன்று. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மணிகளைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இட வேண்டும். பூட்டுக்குத் தனிப் பெட்டி. யார் கொண்டுவந்தார், எந்த வீட்டில் இருந்தது, அவருக்கு முன் யாரிடம் இருந்தது, எந்தத் திகதியில் கேட்டு எழுதியது என்ற விபரங்களைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, அத்தாளையும் அதே பெட்டிக்குள் வைக்க வேண்டும். மை ஈரத்தில் கரையும். பென்சில் எழுத்துக் கரையாது.